ஐந்தரை மணிப் புள்ளி

மார்ச் 3, செவ்வாய்

பணிமனையில் நூற்றுப் பத்து ஓட்டுநர்களுக்கு நான் பணிப்பட்டியல் போடுகிறேன். எந்தப் பேருந்து, எந்த ஷிஃப்ட், யாருக்கு ஓய்வு என்று ஒரு குழப்பமும் வராது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு அம்மா. அம்மாவுக்கு ஒரே ஒரு மாத்திரைப் பட்டியல். அதைத் திறக்கும் உரிமை எத்தனை பேரிடம் இருக்கிறது என்று இன்று மதியம் எண்ணிப் பார்த்தேன். பதினேழு!

நான், தம்பி, தம்பியின் ஆபீஸ் ஐ.டி. அப்புறம் தங்கை. அவள் மட்டும் மூன்று முறை இருக்கிறாள், கடவுச்சொல்லை மறக்கும்போதெல்லாம் புது ஐ.டி. தொடங்கிவிடுவாள். அவள் மகனின் பள்ளி ஐ.டி. இப்போது வரும் நர்ஸ், நின்றுபோன மூன்று நர்ஸுகள், ரத்தப் பரிசோதனைக்காரர், உடற்பயிற்சி சொல்லித் தர வந்தவர். பிளம்பர். ஆமாம், பிளம்பர். குளியலறைக் கைப்பிடி எவ்வளவு உயரத்தில் வேண்டும் என்று வரைந்த படம் அதே ஃபோல்டரில் இருந்ததால் யாரோ மொத்த ஃபோல்டரின் லிங்கையும் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் இதயம் முதல் குளியலறை வரை அந்த மனிதருக்கு அத்துப்படி. இதெல்லாம் போக, யாரென்றே தெரியாத மூன்று ஐ.டி.க்கள்.

நாலு வருடத்துக்கு முன் அம்மாவின் இதயத்தில் வால்வு மாற்றியபோது தொடங்கிய பட்டியல். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு மாத்திரை. வாரா வாரம் ரத்தத்தைச் சோதித்து, வரும் எண்ணைப் பொறுத்து அரையா, ஒன்றா, ஒன்றரையா என்று டாக்டர் சொல்வார். குறைந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளும், கூடினால் நிற்காமல் கசியும். எங்கிருந்தாலும் எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் கிளவுடில் போட்டது. யார் தொடங்கினார்கள் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. எல்லோரும் பார்ப்பதாகத்தான் பேர், எழுதுவது நானும் நர்ஸும் மட்டும்.

மார்ச் 4, புதன்

பிளம்பரை நீக்கினேன். பத்து நிமிடத்தில் 'அனுமதி கோருகிறார்' என்று மெயில். எதற்குப்பா?

மார்ச் 6, வெள்ளி

'குறிப்பு' என்ற கடைசிக் கட்டத்தில் தினமும் ஒரு புள்ளி இருக்கிறது. வெறும் புள்ளி. சொல் இல்லை, எண் இல்லை. முன்னால் தள்ளிப் பார்த்தேன், மாதக்கணக்காக இருக்கிறது. யாருடைய விரலோ தினமும் தவறிப் படுகிறது போல. மாதத் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் அழித்தேன். கண்ணுக்கு இதமாக இருந்தது.

நர்ஸிடம் இன்னொரு தொல்லை. நல்ல பெண்மணிதான், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அம்மாவைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஆறு மணி மாத்திரையை 6.10, 6.12 என்று கொடுக்கிறார். நேரம் என்று ஒன்று வைத்தது எதற்கு? என் ஓட்டுநர்கள் இப்படிச் செய்தால் நிறுத்தத்தில் நிற்பவர்கள் கல்லெறிவார்கள்.

மார்ச் 7, சனி

புள்ளி மறுபடி வந்திருக்கிறது. அழித்தேன். ஐந்து நிமிடத்தில் அதே இடத்தில் மீண்டும் புள்ளி! விரல் தவறி இல்லை, வேண்டுமென்றேதான். யார் இந்த வேலையற்றவர்?

மார்ச் 10, செவ்வாய்

தங்கை மகன் பிப்ரவரி மாதம் முழுவதற்கும் ஊதா நிறம் அடித்து வைத்திருக்கிறான். கேட்டதற்குத் தங்கை, "பாட்டிக்கு அழகா இருக்கட்டும்னு பண்ணான்க்கா, திட்டாதே" என்கிறாள். பாட்டி இதைப் பார்ப்பதே இல்லையேம்மா. நான்தானே பார்க்கிறேன். என் கண்தானே அவிந்து போகிறது.

மூன்று தங்கைகளில் இரண்டை நீக்கினேன். கடைசியில் அவள் இப்போது பயன்படுத்தும் ஐ.டி.யைத்தான் நீக்கியிருக்கிறேன் என்று மாலையில் தெரிந்தது. அரை மணி நேரம் போனில் அழுகை. "என்னை ஒதுக்கிட்டே."

மார்ச் 14, சனி

தம்பி போன் செய்தான். மே மாதம் அவனுக்கு இரண்டாம் கல்யாணம். வரப்போகிற பெண்ணையும் அவனாகவே பட்டியலில் சேர்த்துவிட்டானாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேர்த்ததும் அந்தப் பெண் கேட்டிருக்கிறாள், "இது யாரு?" என்று.

தெரியாத மூன்று ஐ.டி.யில் ஒன்று. படம் இல்லை, பெயருக்குப் பதில் ஏதோ பூவின் பெயர்.

"அது அவதான்க்கா. அவளோட பழைய ஐ.டி."

அவள் என்றால் அவன் முதல் மனைவி. பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. நாங்கள் அவளை மருந்துக்காரி என்றுதான் கூப்பிடுவோம், அவளும் சிரித்துக்கொள்வாள். சண்டை அவர்கள் இரண்டு பேருக்குள்தான். அம்மாவோடு அவளுக்கு எந்தச் சண்டையும் இருந்ததில்லை. பிரிந்த பிறகும் அம்மாவுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். பேசி முடித்த ஒவ்வொரு முறையும் அம்மா சாப்பிடாமல் படுத்துவிடுவாள். நான்தான் ஒருநாள் போனை வாங்கி, "இனிமே போன் பண்ணாதே. அம்மா மனசு கெட்டுப் போகுது" என்றேன். "சரி அண்ணி" என்றாள். அதோடு நின்றது.

"இன்னைக்கே அவளை எடுத்துடு. எனக்கு மானம் போகுது" என்கிறான் தம்பி.

எடுக்கப் போனேன். மற்ற எல்லோர் பெயருக்கும் எதிரே 'நீக்கு' என்று வருகிறது, அவள் பெயருக்கு எதிரே மட்டும் வரவில்லை. ஒரே ஒரு சொல்தான்: 'உரிமையாளர்'.

மார்ச் 16, திங்கள்

பணிமனைக் கணினிக்காரரிடம் கேட்டேன். காலை டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"உரிமையாளரை நீங்க எடுக்க முடியாது மேடம். அவங்க நினைச்சா உங்க எல்லாரையும் ஒரே நிமிஷத்துல எடுக்கலாம்."

"எடுக்கலையே?"

"அப்போ நல்லவங்க போல."

எனக்கு இந்த ஆளின் நற்சான்றிதழா வேண்டும்? வழி கேட்டேன். ஒரு நகல் எடுத்துப் புது ஃபைலாக வைத்து, வேண்டியவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பழையது அது பாட்டுக்குக் கிடக்கட்டுமாம்.

மார்ச் 18, புதன்

முடித்தேன். புதுப் பட்டியல், அதன் உரிமையாளர் நான். நான், நர்ஸ், தம்பி, தங்கை (ஒரே ஒரு தங்கை), ரத்தப் பரிசோதனைக்காரர். அவ்வளவுதான். ஊதா இல்லை, பிளம்பர் இல்லை.

பழைய ஃபைலிலிருந்து ஒவ்வொருவராக எல்லோரையும் நீக்கினேன். கடைசியில் இரண்டே பெயர் மிச்சம். அவளை நீக்க முடியாது. என்னை நான் நீக்கிக்கொள்வதற்குள் பணிமனையிலிருந்து போன், இரண்டு ஓட்டுநர்கள் ஒரே பேருந்துக்குச் சண்டை. விட்டுவிட்டேன்.

மாலையில் நர்ஸின் போனில் புதியதைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல புள்ளி வராதாம்மா?"

"கண்ட கண்ட புள்ளியெல்லாம் இனிமே வராது. சுத்தமா இருக்கும்."

"சரிம்மா" என்றார். அந்த முகத்தில் என்னவோ இருந்தது. கேட்க எனக்கு எங்கே பொறுமை?

மார்ச் 19, வியாழன்

மாத்திரை சரியாக 6.00. ஆஹா.

மார்ச் 23, திங்கள்

அனுமதி கோரும் மெயில்கள் இதுவரை ஒன்பது. தங்கையின் மகன் நான்கு. பிளம்பர் இரண்டு. (இந்த மனிதருக்கு என்னதான் பிரச்சினை? நேரில் போய்க் கேட்டால், "வந்துச்சு, தட்டினேன்" என்பார்.) பூப்பெயர் ஐ.டி.யிலிருந்து ஒன்றும் இல்லை. புதுப் பட்டியல் ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரிய வழியில்லையே.

தம்பி, "தேங்க்ஸ்க்கா, இப்பத்தான் நிம்மதி" என்று அனுப்பியிருந்தான். மாத்திரைப் பட்டியலை இன்றுவரை ஒரு முறையாவது திறந்திருப்பானா?

மார்ச் 26, வியாழன்

அம்மாவுக்குக் கடைவாய் ஈறு வீங்கிவிட்டது. அரை நாள் லீவு போட்டுப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்து நாளைக்கு மாத்திரை, வேளைக்கு ஒன்று. பெயரைப் புதுப் பட்டியலில் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன். எதையும் விடாமல் எழுதிவிட வேண்டும், எனக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

மார்ச் 30, திங்கள்

அம்மா பல் தேய்த்தால் வாஷ்பேசின் முழுக்க ரத்தம். நிற்கவே மாட்டேங்குது. கையில ஒரு பெரிய நீலம். எங்கேயும் இடிச்சுக்கலையாம். ஆஸ்பத்திரிக்குப் போறோம்.

மார்ச் 31, செவ்வாய்

ரத்தச் சோதனையில் எண் மூன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எட்டைத் தாண்டியிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் தலைக்குள்ளேயே கசிந்திருக்கும் என்றார் டாக்டர். அதை மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார்.

பல் மாத்திரையும் இந்த மாத்திரையும் ஒன்றாகச் சேரவே கூடாதாம். "பல் டாக்டர்கிட்ட இதைச் சாப்பிடறாங்கன்னு சொன்னீங்களா?" என்று கேட்டார்.

வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று அன்று பல் டாக்டர் கேட்கத்தான் செய்தார். சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு என்றேன். அதற்குள் பணிமனையிலிருந்து போன். எடுத்தேன். பேசினேன். திரும்பி வந்தபோது அவர் எழுதி முடித்திருந்தார். நாலு வருஷமா தினமும் எழுதற பேரு, அந்த ஒரு பேரைச் சொல்லலை நான்.

ஏப்ரல் 2, வியாழன்

அம்மா தேறிவருகிறாள். எண் நான்குக்கு இறங்கிவிட்டது. நாளை வீடு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"புள்ளி வந்திருந்தா இது நடந்திருக்காதும்மா."

"என்ன புள்ளி?"

"ஐஞ்சரைக்கு வருமே. டாக்டர் ஆபீஸ்ல பார்த்துட்டு வைக்கறாங்கன்னு நினைச்சேன். புள்ளி வந்தப்புறம்தான் நான் மாத்திரை கொடுப்பேன். லேட்டா வந்தா காத்திருப்பேன். போன வருஷம் சளி மாத்திரை எழுதினப்போ புள்ளி வரலை. அதுக்குப் பதிலா 'இது ரெண்டும் சேரக் கூடாது, டாக்டரைக் கேளுங்க'ன்னு வந்துச்சு. உங்ககிட்ட காட்டினேனே."

காட்டினார். டாக்டரைக் கேட்டு மாத்திரையையும் மாற்றினோம். அதை எழுதியது நர்ஸ் என்று நான் நினைத்தேன், டாக்டர் என்று நர்ஸ் நினைத்தார். அடக் கடவுளே. 6.10, 6.12. நான் முணுமுணுத்த ஒவ்வொரு நிமிடமும் இவர் புள்ளிக்காகக் காத்திருந்த நிமிடம்.

"புதுசுல வராதுன்னு நீங்க சொன்னீங்க. சரி, ஆபீஸ்ல வேற மாதிரி பார்ப்பாங்கன்னு நினைச்சுட்டேன்."

அங்கேயே போனில் பழைய ஃபைலைத் திறந்தேன். என்னை நீக்கிக்கொள்ள மறந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று இப்போது தோன்றுகிறது. மார்ச் 17 வரை புள்ளி. அதன் பிறகு அளவுக் கட்டம் காலி, நேரக் கட்டம் காலி. குறிப்புக் கட்டம் மட்டும் காலியாக இல்லை. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் நான் மறந்துவிடக் கூடாது.

18: ?

19: ?

20: இன்னும் யாரும் அளவு எழுதலை.

22: எல்லார் பேரும் போயிடுச்சு. அண்ணி, உங்க பேர் மட்டும் இருக்கு.

24: அத்தைக்கு உடம்பு சரியில்லையா?

27: யாராவது ஒரு எழுத்து போடுங்க. போதும்.

29: நான் கேக்கக் கூடாதுன்னு தெரியும்.

31: அத்தை இருக்காங்கல்ல?

நேற்றைக்கு ஒன்றும் இல்லை. இன்றைக்கும் இல்லை.

நர்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு எண் எட்டு என்றபோதுகூட நான் இப்படி அழவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

நேற்றே போன் செய்திருக்க வேண்டும். என்னவென்று தொடங்குவது என்று தெரியாமல் ஒரு ராத்திரி ஓட்டிவிட்டேன். அவளுக்கு இன்னும் ஒரு ராத்திரி. அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று காலையில் அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். ஹலோ இல்லை. மூச்சு மட்டும்.

"இருக்காங்க" என்றேன். "நல்லா இருக்காங்க."

மறுமுனையில் எதுவோ தரையில் விழுந்தது. பிறகு, "சரி அண்ணி. வெச்சிடறேன்" என்றாள்.

"வைக்காதே."

நடந்ததைச் சொன்னேன். பல் மாத்திரையின் பெயரைச் சொன்னதும் குரலே மாறிவிட்டது. அவள் எங்கள் வீட்டில் இருந்தவரை நாங்கள் யாரும் அவள் முன்னால் குரலை உயர்த்தியதில்லை. அவளும் எங்கள் முன்னால் உயர்த்தியதில்லை. இன்று உயர்த்தினாள்.

"அறிவிருக்கா அண்ணி? முதல் பக்கத்துலயே சிவப்புல எழுதி வெச்சேனே, புது மாத்திரை எது வந்தாலும் முதல்ல கேளுங்கன்னு! அதையாவது நகல் எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. முதல் பக்கம் அசிங்கமாக இருக்கிறதென்று விட்டுவிட்டேன். சொன்னேன். திட்டினாள். வாங்கிக்கொண்டேன். அது ஒரு மாதிரி ஆறுதலாகத்தான் இருந்தது.

பிறகு கேட்டேன், "ஏன் வெறும் புள்ளி? பார்த்தேன், சரியா இருக்குன்னு பேர் போட்டு எழுதக் கூடாதா?"

"பேர் போட்டிருந்தா எடுத்திருப்பீங்க."

அவள் சொன்னது உண்மை, பேர் தெரிந்த அன்றே எடுக்கத்தானே போனேன்.

ஏப்ரல் 4, சனி

எல்லோரையும் பழைய ஃபைலுக்குத் திரும்பச் சேர்த்தேன். பிளம்பர் நீங்கலாக. ஊதா இருந்துவிட்டுப் போகட்டும். மாலை 5.30க்குப் புள்ளி. நர்ஸ் போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார், ஏதோ நான் பார்க்காதது மாதிரி.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சை எடுக்கப் பயம்.

ஏப்ரல் 6, திங்கள்

தம்பி போன் செய்தான். பழைய ஃபைலில் சேர்த்ததாக வந்த மெயிலை மட்டும் பார்த்திருக்கிறான். "திரும்ப அவ இருக்காளே! எடுக்கச் சொன்னேன்ல?"

"எடுக்க முடியாதுடா. வீடு அவளுது. நாமதான் இத்தனை நாளா அங்கே குடியிருக்கோம்."

"நக்கல் பண்ணாதே. வரப்போறவ என்ன நினைப்பா?"

என் பொறுமை அங்கேயே தீர்ந்தது. போனை வைத்துவிட்டு, வரப்போகிறவளையே கூப்பிட்டேன். கூச்சத்தோடு பேசினாள். "அது யாருன்னுதான் கேட்டேன் அண்ணி. எடுக்கணும்னு சொல்லவே இல்லையே. அத்தைக்கு மருந்து பார்க்கறவங்களை எதுக்கு எடுக்கணும்?"

இவனை என்ன செய்வது? 'திருத்தலாம்' என்றிருந்த அவன் அனுமதியைப் 'பார்க்க மட்டும்' என்று மாற்றினேன். அவனுக்கு இன்றுவரை தெரியாது, தெரியப்போவதும் இல்லை. திறந்தால்தானே தெரியும்.

ஏப்ரல் 9, வியாழன்

மெயில் ஒன்று வந்திருக்கிறது. ஃபைலின் உரிமையை மருந்துக்காரி என் பெயருக்கு மாற்ற விரும்புகிறாளாம். கீழே இரண்டு பொத்தான்: 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்'. கூடவே அவளிடமிருந்து ஒரு வரி: "இனிமே உங்க கையில இருக்கட்டும் அண்ணி. எப்ப வேணாம்னு தோணுதோ அப்ப எடுத்துக்கலாம். யாருக்கும் கஷ்டம் வேணாம்."

மூன்று வாரத்துக்கு முன் இந்தப் பொத்தானுக்காகத்தான் கணினிக்காரரின் டீ தீரும்வரை நின்றேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அந்த மெயிலுக்கு இன்னும் பதில் போடவில்லை.

ஏப்ரல் 18, சனி

நர்ஸுக்கு இன்று விடுப்பு. மாலை ஐந்தேகாலுக்கே அம்மாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு கையில் மாத்திரை, மறு கையில் போன், முக்காலியில் தண்ணீர். இன்றைய அளவு ஒன்றேகால், புதிதாக மாற்றியது. மதியமே எழுதிவிட்டேன். ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்கால். புள்ளி இல்லை.

ஆறு மணிக்கு அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆறாச்சு. குடுடி."

"இரும்மா."

"எதுக்கு? நேரத்துக்குக் கொடுக்கலைன்னு அந்த நர்ஸம்மாவை நீதானே படுத்தி எடுப்பே?"

"ஒருத்தர் பார்த்துச் சரின்னு சொல்லணும். அப்புறம்தான்."

"யாரு?"

இரண்டு வருடமாக இந்த வீட்டில் சொல்லாத சொல். சொன்னேன். "உன் மருமக."

அம்மா மாத்திரைக்காக நீட்டிய கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள். தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னாள். முடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டாள், யாரோ அறைக்குள் வரப்போவதுபோல.

"அவ பார்க்கட்டும். எனக்கு என்ன அவசரம்?"

காத்திருக்கும் நேரத்தில் அந்த மெயிலைத் திறந்து 'மறுக்கிறேன்' என்பதை அழுத்தினேன்.

6.11க்குப் புள்ளி வந்தது. மாத்திரையைக் கொடுத்தேன். கொடுத்த நேரம் 6.12 என்று எழுதினேன்.